மூன்று நிமிடத்துக்கு நான் போட்ட பேண்டு வாத்தியம்

நீ மெட்ராசுக்கு ரயில் ஏறி ஒன்பது நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்ததாக நீ போட்ட கார்டு கிடைத்தது. ரூம், மெஸ் சாப்பாடு, குழாயில் வருகிற உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசி வரியில், அடுத்த மாதம் ஒரு யுத்தப் படத்துக்குச் சவுண்டு என்ஜினியரிடம் உதவியாளாகச் சேரப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். நான் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு அந்தத் தகுதி எவ்வளவு உண்டு என்பது படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். நீ கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, நீங்க ஆபரேட்டரா இருந்து அம்புட்டுப் படம் ஓட்டிருக்கீங்க. ஒரு யுத்தப் படத்தைத் தூக்கி நிறுத்துறது எது? கேமராவா, சத்தமா, கலரா?" என்றாய். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே "மூணுந்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன். "பெரிய பதில் சொல்லிட்டாரு" என்று நீ சிரித்தாய். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் உன்னிடமிருந்து தப்பிப்பதற்காகச் சொன்னது. நியாயமான பதில் சொல்ல வேண்டுமானால் உன் சித்தப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். அன்றைக்கு எனக்கு அதற்குத் தைரியம் வரவில்லை.

சினிமாவை உன்னைப் போல நான் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை. ஆபரேட்டர் ரூமில் ஒரு சாண் அகலக் கண்ணாடி வழியாக ஒரே படத்தை நாளைக்கு மூன்று தடவை, வாரக்கணக்கில் பார்த்தவன். முதல் நாள் கதை தெரியும். மூன்றாம் நாள் கதை மறந்துவிடும். அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கேமரா எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான். நமது ஊருக்கு வந்த யுத்தப் படங்களில் பாதிக்கு மேல் கேமராவை மேட்டில் ஏற்றி வைத்து எடுத்தவை. அங்கேயிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாக இருக்கும். நம்ம ஆள் இடது பக்கமிருந்து வருவான், எதிரி வலது பக்கமிருந்து வருவான், யார் ஜெயிக்கிறார்கள் என்று தரை டிக்கெட்காரனுக்கும் விளங்கும். கேமராவை இறக்கித் தரையில் வைத்துவிட்டால் புல்லும் பூட்ஸும் தவிர ஒன்றும் தெரியாது. எதிரி எங்கே என்று படத்தில் இருப்பவனுக்கும் தெரியாது, பார்க்கிறவனுக்கும் தெரியாது. அந்த மாதிரி இடம் வரும்போதுதான் கீழே முறுக்கு கடிக்கிற சத்தம் நிற்கும். எனக்கு மேலேயிருந்தே அது தெரியும்.

கலரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உன் புத்தகத்தில் இது இருக்காது. எங்கள் மெஷினில் இருந்தது கார்பன் விளக்கு. இரண்டு குச்சிகள் முட்டாமல் எதிரெதிரே நின்று எரியும். தேயத் தேய நான் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரையில் வெள்ளை மஞ்சளாகிவிடும். ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே அசந்துவிட்டேன். விடியற்காலையில் தொடங்க வேண்டிய சண்டை பொழுது சாயும் நேரத்துச் சண்டையாக மாறிப்போனது. கீழே ஒரு அம்மா, "அடப் பாவமே, இருட்டப் போகுதே, இவங்க எப்ப வீடு போய்ச் சேர்றது" என்று அங்கலாய்த்ததாக டிக்கெட் கிழிப்பவர் வந்து சொன்னார். இன்னொன்றும் உண்டு. கலர் பிரிண்டு பழசாகும்போது பச்சையும் நீலமும் முதலில் வெளிறிப்போகும், சிவப்பு மட்டும் தங்கும். எங்கள் தியேட்டரில் பச்சை வயலில் நடந்த யுத்தம், சில வருடம் கழித்து அதே பிரிண்டு டூரிங் கொட்டகைக்குப் போகும்போது செம்மண் காட்டில் நடக்கும். அங்கே பார்த்தவர்களுக்கு யுத்தம் என்றால் வானமே சிவந்து கிடக்கும் என்ற நினைப்பு. யாரும் அப்படி எடுக்கவில்லை. பெட்டியில் கிடந்து கிடந்து அப்படி ஆனது.

இனி சத்தம். உன் சித்தப்பா விடுப்பில் வரும்போதெல்லாம் ஆபரேட்டர் ரூமுக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவான். ஒரு தடவை ஏதோ சண்டைப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது சொன்னான். "அண்ணே, குண்டு விழுந்தா வெளிச்சம் மொதல்ல வரும். சத்தம் அப்புறம்தான் வரும். நடுவுல நாலஞ்சு எண்ணலாம். இந்தப் படத்துல ரெண்டையும் ஒண்ணா வச்சிருக்கான். அந்த நடுவுலதான்ணே எங்களுக்குப் பயமே." நான் அதற்கு, "அப்படி வச்சா நம்ம ஆளுக ஸ்பீக்கர் ரிப்பேருன்னு கத்துவாய்ங்கடா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவனுக்குக் காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

எழுபத்தொன்றில் யுத்தம் வந்தபோது அவன் மேற்கு எல்லையில் பீரங்கிப் படையில் இருந்தான். அவன் காதைக் கெடுத்தது எதிரியின் குண்டு இல்லை, அவனுடைய பீரங்கியேதான். மூன்று நாள் இரவும் பகலுமாகப் போட்டதில் காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி இரைச்சல் வந்ததாம். நாலாம் நாள் அதுவும் நின்றுவிட்டதாம். வலது காது முழுசாகப் போயிற்று. இடது காதில், பக்கத்தில் நின்று உரக்கக் கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெருவில் எல்லாரும் எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்டார்கள். "நான் யாரையும் பாக்கவே இல்ல, மைல் கணக்குல தள்ளி நின்னு போட்டோம்" என்றான். அத்தோடு தெருவுக்கு அவன்மேல் இருந்த ஆர்வம் போய்விட்டது. வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள அவனாகவே பழகிக்கொண்டான். எதிரே நின்று பேசினால் காது கேட்காதவன் என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

கொட்டாம்பட்டியிலிருந்து பாண்டியம்மாளின் ஜாதகம் வந்தபோது, காது விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான். தாலி ஏறட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் நான்தானே. "வேணாம்ணே, இப்பவே சொல்லிருவோம்" என்று அவன் இரண்டு தடவை சொன்னான். "நீ சும்மா இருடா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அடக்கினேன். பெண் பார்க்கப் போன இடத்தில் அவனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். மாப்பிள்ளை ரொம்பக் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணம் முடிந்தது. பக்குவமாகச் சொல்லும் நாள் வரவே இல்லை. நான் சொல்வேன் என்று அவன் இருந்தான், அவன் சொல்லிக்கொள்வான் என்று நான் இருந்தேன். அடுப்படியிலிருந்து அவள் கூப்பிடுவாள், அவன் திரும்ப மாட்டான். அவன் வேண்டுமென்றே மதிக்காமல் இருப்பதாக அவள் நினைக்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நமக்கு அடுத்த தெருவில்தான் குடியிருந்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கூட ஒரு நாள் வந்து, "சித்தி சித்தப்பாவக் கூப்பிடுறதே இல்லப்பா, போய்த் தொட்டுத்தான் பேசுறாங்க" என்று சொன்னாய். நீ சின்னப் பிள்ளை. உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. இப்படியே இரண்டு வருடம் போயிற்று. அதற்குப் பிறகு அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று உன் அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வெளிநாட்டு யுத்தப் படம் எங்கள் தியேட்டருக்கு வந்தது. படத்தின் பெயர் உனக்கு வேண்டாம். அதில் ஒரு இடம். குண்டு விழுந்து புகை எழும்பும். ஒரு சிப்பாய் கீழே கிடப்பான். கேமரா அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அவன் எழுந்ததும் அவன் தோளை ஒட்டியே கூடவே நடக்கும், முன்னே போகாது, மேலே ஏறாது. அதுவரை பச்சையும் நீலமுமாக இருந்த படம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். அந்த இடம் முழுக்கச் சத்தமே கிடையாது. மியூசிக் இல்லை, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. எதிரே வருகிறவர்களின் வாய் அசையும், ஒருத்தன் இவன் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்துவான், இவனுக்கும் கேட்காது, நமக்கும் கேட்காது. மூன்று நிமிடம். அப்புறம் எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம் மெதுவாக வரும், அதோடு கூடவே புல்லில் பச்சை திரும்பி வரும். நான் ஓட்டிய படங்களிலேயே கேமராவும் கலரும் சத்தமும் மூன்றும் ஒரே பேச்சைப் பேசிய இடம் அது ஒன்றுதான். இதை எனக்கு இப்போது எழுதத் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது சவுண்டு போய்விட்டது என்பது மட்டுமே.

வெள்ளிக்கிழமை முதல் காட்சியிலேயே கலாட்டா. "ஆபரேட்டர், சவுண்டு" என்று கத்தி, சேரைத் தட்டி, விசிலடித்துத் தீர்த்துவிட்டார்கள். பிலிமின் ஓரத்திலிருந்து சத்தத்தை எடுக்கிற சவுண்டு விளக்கைப் பார்த்தேன், எரிகிறது. ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. அடுத்த காட்சியிலும் அதே இடம், அதே கூப்பாடு. சனிக்கிழமை மேனேஜர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். "யோவ், சனம் சீட்டக் கிழிக்குது. வெட்டிட்டுப் போட்டாலும் சரி, என்னமாச்சும் பண்ணு" என்றார். வெட்ட எனக்கு மனசில்லை, நல்ல படம் என்று தெரிந்தது. இடைவேளையில் பாட்டுப் போடும் ரெக்கார்டு பிளேயர் ரூமில் இருந்தது. ஒரு பேண்டு வாத்திய ரெக்கார்டை எடுத்து, அந்த இடம் வந்ததும் ஊசியை வைத்தேன். அம்மாடி, தியேட்டர் என்னமாய் மாறிப்போனது தெரியுமா. டிரம்மும் டிரம்பெட்டும் முழங்க, அந்தச் சிப்பாய் புகைக்குள்ளிருந்து எழுந்து வருகிறான். தோளைப் பிடித்து உலுக்குகிறவன் அவனைப் பாராட்டுகிற மாதிரி இருக்கிறது. ஜனம் கைதட்டுகிறது. முன் வரிசையில் நாலு பேர் எழுந்து ஆடினார்கள். நீ நாளைக்குச் சவுண்டு ரூமில் உட்காரும்போது இதை மட்டும் நினைத்துக்கொள். படத்தில் ஒரு பிரேம் மாறவில்லை. கேமரா அதே மண்ணில்தான் கிடந்தது, கலர் அதே சாம்பல்தான். காது போன ஒருத்தனை நான் ஒரு ரெக்கார்டை வைத்து ஜெயித்தவனாக ஆக்கிவிட்டேன். மேனேஜர் எனக்கு டீயும் வடையும் வாங்கி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் சித்தப்பா வீட்டுக்கு வந்தான். "அண்ணே, மேட்னிக்கு அவளக் கூட்டிட்டு வாரேன். திருச்சிக்குப் போயிருந்தப்ப இந்தப் படத்த மூணு வாட்டி பாத்தேன். அதுல சத்தமில்லாத எடம் ஒண்ணு வருமே, வெட்டிப்புட்டீகளா?" என்று கேட்டான். "வெட்டலப்பா, முழுசா இருக்கு" என்றேன். ரெக்கார்டு போடுவதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. நான் செய்ததை அவன் வந்து பார்த்து மெச்சட்டும் என்றுதான் இருந்தேன். அவன் எதற்காக அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கண்ணாடி வழியாக அவர்களை நான் பார்த்தேன். பால்கனியில் ஓரத்து சீட்டு. அந்த இடம் வந்தது, ஊசியை வைத்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, திரும்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கீழே ஆடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கொஞ்சம் குழம்பி, சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். மெதுவாகக் கையை நீட்டி, முன்னால் இருந்த மரத் தடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தான். டிரம் அடிக்கிற அடி மரத்தில் தெரியும். கையை எடுக்கவே இல்லை. பிறகு தலையைத் திருப்பி நேராக என் கண்ணாடியைப் பார்த்தான். நான் இருட்டில் நிற்கிறேன், அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இருந்தாலும் நான் விலகி நின்றுகொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் வைத்து, "அண்ணே, அந்த எடத்துல என்ன போட்டீக?" என்று கேட்டான். பேண்டு வாத்தியம் என்றேன். "நல்லா இருந்துச்சா?" என்றான். ஜனம் கத்தியது, மேனேஜர் சொன்னார் என்று நான் காரணம் அடுக்க ஆரம்பித்தேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பாதியில் தலையைக் குனிந்துகொண்டான். காது கேட்காதவன் எதிரே பேசுகிறவனை நிறுத்த அது போதும். மறுநாள் காலையில் பாண்டியம்மாள் துணிமணியை எடுத்துக்கொண்டு கொட்டாம்பட்டிக்குப் போய்விட்டாள்.

விஷயம் என்னவென்று எனக்குச் சொன்னது உன் அம்மா. அவன் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் படத்துக்குப் போயிருக்கிறான். திருச்சியில் அந்த இடம் வந்தபோது தியேட்டரில் அத்தனை பேரும் திரும்பித் திரும்பி ஆபரேட்டர் ரூமைப் பார்த்தார்களாம். அப்போதுதான் அவனுக்குப் புரிந்ததாம், இப்போது யாருக்குமே கேட்கவில்லை என்று. "எனக்கு வாயால சொல்ல வரல மதினி. அவள அதுக்குள்ள ஒக்கார வச்சிட்டா அவளுக்கே தெரிஞ்சிரும்" என்றானாம். அதைச் சொல்லிவிட்டு உன் அம்மா என்னைப் பார்த்து, "ஒங்களுக்குக் கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கவே தெரியாதா?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமையோடு படம் முடிகிறது, வெள்ளிக்கிழமை காலை பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். புதன்கிழமை நானும் உன் அம்மாவும் கொட்டாம்பட்டிக்குப் போனோம். பாண்டியம்மாளின் அப்பா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவள் மட்டும் வெளியே வந்து உன் அம்மாவிடம் பேசினாள். வீட்டுக்கு வர மாட்டேன், தியேட்டருக்கு வேண்டுமானால் வருகிறேன் என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். எங்களுக்கு அப்போது காலைக் காட்சி கிடையாது. மெஷின் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேனிடம் சொல்லித் திறக்கச் செய்தேன். அவளும் உன் அம்மாவும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்த ஒரு ரீலை மட்டும் ஓட்டினேன். அந்த இடம் வந்தபோது என் கை இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். காலியான அரங்கத்தில் அந்த மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கீழே இறங்கிப் போனேன். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாண்டியம்மாள் அழவில்லை. "மாமா, படத்துல அந்தாளுக்கு மறுபடி காது கேட்டுருதுல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "அவருக்கு?" என்றாள். கேட்காது என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் பெண் பார்க்கப் போன அன்று ஆட்டியிருக்க வேண்டும். அவள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவருக்குக் காது கேக்காதுன்னு எனக்கு மொத நாளே தெரியும் மாமா. அவரு எங்கிட்டச் சொல்லுவாருன்னுதான் ரெண்டு வருசம் இருந்தேன். அவரு வாயால ஒரே ஒரு தடவ சொல்லட்டும், அன்னைக்கே வாரேன்." இவ்வளவுதான். சொல்லிவிட்டு எழுந்தாள். உன் அம்மா அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனாள்.

இனிமேல் சொல்வதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் நேரே உன் சித்தப்பாவிடம் போனேன். அவள் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டியது மட்டும்தான் என் வேலை. வழியெல்லாம் அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. முதல் நாளே அவளுக்குத் தெரியும் என்றால், இரண்டு வருடமாக இவன் கேட்கிற மாதிரி நடித்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. அதை இவன் தாங்குவானா என்று நினைத்தேன். அது பாதிக் காரணம். மறைக்கச் சொன்னவன் நான் என்பது மீதிக் காரணம். "பாத்துட்டாடா. அம்புட்டும் புரிஞ்சிருச்சுன்னு சொன்னா. நாலு நாள்ல தானா வந்துருவா, நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்று என் வாய் சொல்லியது. அவன் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உன் அம்மாவிடம், சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அங்கேயும் ஊசியை வைத்துவிட்டேன்.

அவன் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மேலூர் வழியாக வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அங்கே அவள் இவன் ஒரு வார்த்தை சொல்ல வருவான் என்று காத்திருந்தாள். மூன்று மாதம் அப்படிப் போனது. ஒரு வார்த்தை சொல்ல இவனுக்கு இவ்வளவு ராங்கியா என்று உன் அம்மா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவள் கண்ணை மூடுகிற வரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள். நீயும் சித்தப்பாவைப் பிடிவாதக்காரர் என்று சொல்லித்தான் வளர்ந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் பழங்காநத்தத்தில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலைக்குப் போய்விட்டான். நான் சொன்ன நாலு நாளில் எதுவோ சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் பேச வாயெடுத்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான். அவன் பார்க்காவிட்டால் நான் ஊமை. எழுதிக் கொடுத்திருக்கலாமே என்பாய். மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் அவள் சொன்னதோடு நிறுத்த முடியாமல் எனக்காக இரண்டு வரி சேர்த்து எழுதிவிட்டேன். மூன்றையும் கிழித்துப் போட்டேன். பாண்டியம்மாள் கொட்டாம்பட்டியில்தான் இருக்கிறாள். பால்வாடியில் வேலை பார்க்கிறாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதெல்லாம் நடந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது.

இந்தக் கடிதத்தைப் போன வியாழக்கிழமை எழுத ஆரம்பித்தேன். இதுவரை எழுதிவிட்டு, நீ ஊருக்கு வரும்போது சித்தப்பாவிடம் போய் அவள் சொன்னதைச் சொல்லிவிடு, உன் வாயை அவன் பார்ப்பான் என்று முடித்திருந்தேன். திரும்பப் படித்துப் பார்த்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் அவனுக்காக நான் பேசினேன், இப்போது எனக்காக நீ பேச வேண்டுமா? அந்தத் தாளைக் கிழித்துவிட்டு நேற்று, ஞாயிற்றுக்கிழமை, காலையில் பழங்காநத்தம் போனேன்.

அவன் ரூம் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வழக்கம் போல முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் படியில் உட்கார்ந்து அவன் முழங்காலில் கையை வைத்தேன். அண்ணன் தம்பி நாங்கள் அப்படித் தொட்டுப் பேசிப் பழக்கமில்லை. அதனாலோ என்னவோ திரும்பினான். அவள் சொன்ன மூன்று வாக்கியத்தையும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், மெதுவாகச் சொன்னேன். "திருப்பிச் சொல்லுங்க" என்றான். சொன்னேன்.

"எப்பச் சொன்னா?"

"அந்த வியாழக்கெழம. தியேட்டர்ல வச்சு."

அவன் பேப்பரை நாலாக மடித்தான். என்னிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்த காரணங்கள் எல்லாம் தொண்டையில் வந்து நின்றன. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற எதும் சொன்னாளாண்ணே?"

"இல்ல. அம்புட்டுத்தான்" என்றேன்.

உள்ளே போனான். தேய்த்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினான். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்தான். "இருடா, நானும் கொட்டாம்பட்டிக்கு வாரேன், நான் அவளுக்கு எடுத்துச் சொல்றேன்" என்றேன். அவன் முதுகு என் பக்கம் இருந்தது, அவனுக்குக் கேட்கவில்லை. ஓடிப் போய்த் தோளைத் தொட்டிருந்தால் திரும்பியிருப்பான். நான் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.